கல்யாண மேடையில் அம்மாவின் டிவி

கேசட்டைப் போட்டு ஓடவிட்டேன். நாதஸ்வரம் வந்தது.

தங்கையின் கல்யாணத்தன்று காலையில், கோயில் மண்டபத்து மணமகள் அறையில் நாதஸ்வரம் கேட்டால் நல்லதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் அந்தக் கேசட்டிலிருந்து வந்திருக்க வேண்டியது காதைக் கிழிக்கும் ஓர் இரைச்சல். என் கம்ப்யூட்டருக்குப் புரிகிற பாஷை அதுதான். நான் மாதக்கணக்கில் கட்டம் கட்டமாக வரைந்து சேர்த்த தமிழ் எழுத்துகள் எல்லாம் அந்த இரைச்சலுக்குள்தான் இருந்தன.

பதறிப்போய்த் திருப்பிப் போட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று மறுபக்கத்திலும் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தேன். அந்த முன்ஜாக்கிரதைக்காக என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு. மறுபக்கத்தில் தவில் தனியாக வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து மாமா உள்ளே வந்தார். அம்மாவின் தம்பி. பக்கத்து ஊரான ஜுருவில் பழைய கார் வாங்கி விற்பவர். மேளக்காரர்களை அமர்த்தும் வேலையை அவரிடம் விட்டிருந்தோம். அப்பாவுக்குப் போட்டுக் காட்ட, அவர்கள் வாசிப்பைப் பதிவு செய்துகொண்டு வந்திருக்கிறார். எதில் பதிவு செய்தார் என்பதுதான் விஷயம்.

"இந்த டேப்பா? வீட்டுல டிவி பக்கத்துல கெடந்துச்சு. போட்டுப் பார்த்தா கீ கீன்னு ஒரே சத்தம். கெட்டுப்போன டேப்னு நெனச்சு மேளத்தப் பதிஞ்சுட்டேன்லா. நல்லா வாசிக்கிறாங்க இல்ல?" என்றார்.

நன்றாகத்தான் வாசித்திருந்தார்கள். அதனால் என் கோபம் இன்னும் கூடியது.

சத்தமில்லாத மழை

போன வாரம் இந்தப் பத்தியில் ஃபேக்டரி பஸ்ஸைப் பற்றி எழுதியதைப் படித்த வாசகி ஒருவர், அப்பா, தங்கை, மாமா என்று எல்லாரும் வந்துவிட்டார்கள், அம்மாவை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டிருந்தார். அம்மாவைப் பற்றி ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. அதனால்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தபோது அம்மாவுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. பிழைப்பதே பெரிது என்றார்கள். பிழைத்துவிட்டார். டத்தோ கிராமாட்டில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பிய அன்று சரியான மழை. தகரக் கூரையில் அது கொட்டுகிற கொட்டில் நாங்கள் ஒருவரோடொருவர் கத்திப் பேசிக்கொண்டிருந்தோம். அம்மா வாசலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் இந்த மழை சத்தமே இல்லாம பெய்யுது?"

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

பேச்சு போகவில்லை. முன்னைவிட அதிகமாகவே பேசினார். எங்கள் வாயசைவைப் பார்த்து ஓரளவு புரிந்துகொள்வார். நாலு பேர் கூடினால் மட்டும் திண்டாட்டம். யார் பேசுகிறார்கள் என்று தேடித் திரும்புவதற்குள் பேச்சு அடுத்த ஆளுக்குப் போய்விடும். எல்லாரும் சிரிக்கும்போது அவரும் சிரிப்பார். பிறகு என் கையைச் சுரண்டி, என்ன என்று கேட்பார். ஒண்ணுமில்லம்மா, அப்புறம் சொல்றேன் என்போம். அந்த அப்புறம் பெரும்பாலும் வராது.

ஒரு நிச்சயதார்த்தத்தில், எப்போதும் சிரித்த முகமாகவே இருக்கும் ஒரு பழைய சிநேகிதி அம்மாவிடம் வந்து ஏதோ சொன்னார். மகளுக்குக் கல்யாணம் என்று சொல்கிறார் போல என்று நினைத்து, "ரொம்ப சந்தோஷம்" என்று அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சிநேகிதி சொன்னது, தன் கணவர் இறந்து மூன்று மாதம் ஆகிறது என்பதை.

அதற்குப் பிறகு அம்மா எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. எவ்வளவு கெஞ்சினாலும் தலைவலி, கால்வலி என்று ஒன்று ரெடியாக இருக்கும்.

ரம்புத்தான் மாதிரி ஓர் எழுத்து

அப்போதெல்லாம் டிவியில் வாரம் ஒரு தமிழ்ப்படம் போடுவார்கள். அடியில் மலாய் எழுத்து ஓடும். அம்மா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். தமிழில் எதைக் கொடுத்தாலும் ஒரே மூச்சில் படித்துவிடுவார். மலாய் அவருக்குப் பசாரில் மீன் பேரம் பேசுகிற அளவுக்குத்தான். ஆக, தமிழ்ப்படத்தில் தமிழ் கேட்காது, எழுத்து படிக்க வராது. படம் முடிந்ததும் தான் புரிந்துகொண்ட கதையைச் சொல்வார். பல நேரம் அது படத்தின் கதையைவிட நன்றாக இருக்கும்.

நான் பாயான் பாரு பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில், முடிந்த போர்டுகளைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் இருந்தேன். அங்கே இருந்த எஞ்சினியர் ஒருவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போகும்போது தன் வீட்டுக் கம்ப்யூட்டரை என்னிடம் தள்ளிவிட்டுப் போனார். பார்க்க ஒரு தடித்த கீபோர்டு மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அதற்கென்று தனித் திரை கிடையாது. டிவியில் ஆன்டெனா வயரைப் பிடுங்கிவிட்டு அந்த ஓட்டையில் இதன் வயரைச் செருக வேண்டும். பிறகு டிவியின் குமிழைத் திருகித் திருகி, இரைச்சலும் புள்ளியுமாக இருக்கிற இடத்தில் இதன் படம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பிடிக்க வேண்டும். கலர் டிவி வாங்கிய பிறகு மூலையில் கிடந்த பழைய கறுப்பு வெள்ளை டிவியை இதற்கென்று எடுத்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்து மட்டும்தான் இருந்தது. ஆனால் நாமாகவும் படம் வரையலாம். கட்டத்தாளில் பதினாறுக்குப் பதினாறு கட்டம் எடுத்து, எந்தக் கட்டம் எரிய வேண்டும், எது அணைந்திருக்க வேண்டும் என்று பென்சிலால் அடைத்து, அதை எண்ணாக மாற்றித் தட்ட வேண்டும். அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும் என்பதால், தட்டியதைக் கேசட்டில் பதிந்து வைத்து ஒவ்வொரு தடவையும் அதிலிருந்து ஏற்ற வேண்டும். எழுத்தும் ஒரு படம்தானே என்று தோன்றியது. முதலில் 'அ' போட்டேன்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தி, வாய்விட்டு 'அ' என்று படித்தார். மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு டிவி கிட்டே வந்தார்.

"இத நீ எழுதுனியா? அப்ப மிச்சத்தையும் எழுது," என்றார்.

மிச்சம் என்பது எவ்வளவு என்று எனக்கு அப்போது தெரியவில்லை. தமிழில் இத்தனை எழுத்து இருக்கிறது என்று பெருமைப்பட்டவள், அதை ஒவ்வொன்றாக வரையும்போது கொஞ்சம் குறைத்திருக்கலாமே என்று முணுமுணுத்தேன். 'ண' என்னைப் படாதபாடு படுத்தியது. அதன் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு கொத்து ரம்புத்தான் பழம் மாதிரி தெரிந்தன. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அது ரம்புத்தான்தான் என்று ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பினார். முதல் வரியை டிவியின் வளைந்த விளிம்பு விழுங்கிவிட்டது. எல்லாவற்றையும் உள்ளே தள்ளிப் போட்டேன்.

காகிதத்தில் எழுதிக் காட்டினால் போதாதா என்று நீங்கள் கேட்பீர்கள். காட்டியிருக்கிறோம். ஒரு துண்டில் இரண்டு வார்த்தை எழுதி நீட்டுவதற்குள் பேச்சு எங்கேயோ போயிருக்கும். எழுதுகிற நமக்கும் சோம்பல் வந்து சுருக்கிவிடுவோம். டிவியில் அப்படி இல்லை. கீபோர்டு சாவிகளின் மேல் தமிழ் எழுத்தைச் சின்னத் துண்டுகளாக ஒட்டி வைத்திருந்தேன். பழகப் பழக, ஒருவர் பேசி முடிக்கும்போது என் விரலும் முடிந்துவிடும். அம்மா அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து பேசியவர் முகத்தைப் பார்க்கலாம்.

ஒரு நாள் கலர் டிவியில் படம் ஓட, பக்கத்திலேயே பழைய டிவியை வைத்து, வசனத்தைக் கேட்டுக் கேட்டுத் தட்டினேன். ஒரு நகைச்சுவைக் காட்சி வந்தது. அப்பா சிரித்தார், தங்கை சிரித்தாள், அதே நொடியில் அம்மாவும் சிரித்தார். எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, படத்தைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஃபேக்டரியில் அடுத்த நாள் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லி, அவர்கள் என்னைப் பார்த்தாலே ஓடும்படி செய்துவிட்டேன்.

அம்மா போட்ட நிபந்தனை

தங்கை செல்விக்கு ஈப்போவில் மாப்பிள்ளை அமைந்தார். பெண் பார்க்க வந்தபோது அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை. காது கேட்காது என்பதை அப்பா மறைக்காமல் சொல்லியிருந்தார். அவர்களும் சரி என்றுதான் வந்தார்கள். இருந்தாலும் அம்மா வரவில்லை.

கல்யாணத்திலும் பின்னால் எங்காவது உட்கார்ந்துகொள்கிறேன் என்றார். ஒருவர் ஒன்று கேட்டு, தான் ஒன்று சொல்லி, மகளுக்குப் புகுந்த வீட்டில் முதல் நாளே தலைகுனிவு வேண்டாம் என்பது அவர் கட்சி. செல்வி என்னைவிட அமைதியானவள். அன்று அமைதியாகவே சொன்னாள்: அம்மா மேடையில் இல்லை என்றால் தாலி கட்டிக்கொள்ள மாட்டேன்.

இரண்டு நாள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அந்த டிவிய மேடையில என் பக்கத்துல வைப்பியா? வச்சா வரேன்."

மண்டபக்காரர், வீடியோ எடுப்பவர், ஐயர் என்று ஒவ்வொருவரிடமும் போய் அனுமதி வாங்கினேன். கல்யாண மேடையில் டிவி எதற்கு, அன்றைக்குப் பந்து விளையாட்டு ஏதாவது இருக்கிறதா என்று ஐயர் கேட்டார். விளக்கிச் சொன்னதும், மந்திரத்துக்கு அர்த்தத்தையும் முன்கூட்டியே சொல்லித் தந்தார்.

மணப்பெண் படித்த எண்கள்

இப்போது நாதஸ்வரம் வந்த கேசட்டுக்குத் திரும்புவோம்.

விஷயம் தெரிந்ததும் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மாவிடம் நான்தான் சொன்னேன். வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டவர், மாமாவைத் திட்டவில்லை. என்னையும் திட்டவில்லை. கழுத்தில் இருந்த அட்டிகையைச் சரிசெய்துகொண்டு, பரவாயில்லை, நான் பின்னால் இருந்துகொள்கிறேன் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை என்னால் பார்க்கவே முடியவில்லை.

அலங்காரக்காரப் பெண்ணின் கையில் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்த செல்வி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"கட்டத்தாள் எல்லாம் வீட்டுலதானே இருக்கு? எடுத்துட்டு வரச் சொல்லுக்கா. நான் படிக்கிறேன், நீ தட்டு."

மாமா ஓடினார். அன்று அவர் காரை ஓட்டிய ஓட்டத்தை ஜுருவில் யாராவது பார்த்திருந்தால் அந்தக் காரை அவரிடமிருந்து வாங்கியிருக்க மாட்டார்கள். எழுத்தைத் திரையில் கொண்டுவரும் புரோகிராம் எனக்கு மனப்பாடம். அவர் திரும்புவதற்குள் அதைத் தட்டி முடித்திருந்தேன். முகூர்த்தத்துக்கு இரண்டு மணி நேரம்கூட இல்லை.

நெற்றிச்சுட்டியும் பட்டுப்புடவையுமாக, கையில் மருதாணியோடு, கட்டத்தாள் ஓரத்தில் நான் எழுதி வைத்திருந்த எண்களை என் தங்கை படித்தாள். முப்பத்தாறு, அறுபது, நூற்று இருபத்தாறு. பூ வைக்கிறவர் தலையைத் திருப்பினால் அந்தப் பக்கமாகத் தாளைப் பிடித்துக்கொண்டு படித்தாள். அவள் தொண்டை கட்டியபோது அத்தை பெண் வாங்கிப் படித்தாள். பிறகு எதிர்வீட்டு அக்கா. பிறகு அலங்காரக்காரப் பெண்ணே, வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு. அபூர்வமாக வரும் எழுத்துகளை ஒதுக்கிவிட்டோம். ஒரு கல்யாணத்தில் 'ஙௌ' யாரும் பேசப்போவதில்லை.

அம்மா கதவோரம் உட்கார்ந்திருந்தார். சிறிய டிவியில் எழுத்து ஒவ்வொன்றாக எழுவதைப் பார்த்தார். 'ண' வந்ததும், "சரியா இருக்கு" என்றார்.

முடிந்ததும் எல்லாவற்றையும் கேசட்டில் பதிந்தேன். அந்த நாதஸ்வரத்தின் மேலேயே பதிந்தேன். மாமாவைப் பார்த்துக்கொண்டே பதிந்தேன்.

பிளக் காவலர்

மேடையில் டிவியை அம்மாவின் இடப்பக்கம், விருந்தினர் பார்வையை மறைக்காதபடி வைத்தோம். நான் கீழே சம்மணமிட்டு மடியில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்தேன். இனி ஒரே பயம் மின்சாரம்தான். ஒரு நொடி போனாலும் எழுத்தெல்லாம் அழிந்துவிடும். திரும்பக் கேசட்டிலிருந்து ஏற்றுவதற்குள் தாலி கட்டி முடிந்துவிடும். வீடியோக்காரர் தன் விளக்குக்குப் பிளக் ஓட்டை தேடிக்கொண்டு அலைந்தார்.

மாமாவைப் பிளக் பக்கத்தில் நிறுத்தினேன். தாய்மாமன் நிற்க வேண்டிய இடம் அது இல்லை என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் அகல விரித்து, கோல்கீப்பர் மாதிரி நின்றார். வீடியோக்காரர் அந்தப் பக்கமே போகவில்லை.

ஐயர் சொன்னதை எழுதினேன். அப்பா தொண்டையைக் கனைத்ததை எழுதினேன். மண்டபத்தில் ஒரு குழந்தை அழுகிறது என்று எழுதினேன். அம்மா திரும்பி அந்தக் குழந்தையைத் தேடிப் பார்த்துச் சிரித்தார். 'இப்போது தண்ணீர் வார்க்க வேண்டும்' என்று வந்ததும், யாரும் தோளைத் தொட்டுச் சொல்வதற்கு முன்பே அம்மாவின் கையில் செம்பு சாய்ந்தது. 'கெட்டிமேளம்' என்று எழுதி முடிப்பதற்குள் முதல் பிடி அரிசி அம்மா கையிலிருந்து பறந்தது. எனக்குத் திரை மங்கலாகத் தெரிந்தது. டிவியில் கோளாறு எதுவும் இல்லை.

அந்தக் கேள்வி

தாலி கட்டி முடிந்து, வாழ்த்துச் சொல்ல ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா வந்தார். ஈப்போ வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது என்று கேள்விப்பட்டிருந்தோம். அம்மா வணக்கம் சொன்னார். பெரியம்மாவும் சொன்னார். டிவியை அவர் கவனிக்கவில்லை. ஏதோ கல்யாணப் படம் ஓடுகிறது என்று நினைத்திருப்பார். பக்கத்தில் வந்த உறவுக்காரப் பெண்ணிடம் திரும்பி, குரலைக்கூடத் தாழ்த்தாமல் சொன்னார்.

"நம்ம வீட்டுலயும் ஒரு செவிடு, இங்கயும் ஒரு செவிடு. நாளைக்குப் பொறக்கற பிள்ளைக்கு என்ன ஆகுமோ."

என் விரல் நின்றுவிட்டது.

செல்வி கேட்டுவிட்டாள். அப்பா வேறு பக்கம் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். அம்மா டிவியைப் பார்த்தார். அடுத்த எழுத்துக்காகச் சின்னக் கட்டம் ஒன்று மின்னி மின்னி அணைந்தது. பெரியம்மாவின் வாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்ன சொன்னாங்க?"

கல்யாண மேடை. தாலி ஏறி ஐந்து நிமிஷம் ஆகவில்லை. வாழ்த்துகிறார் என்று எழுதிவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. எழுத என் விரல் போயும் விட்டது. ஆனால் அம்மா இந்த மேடைக்கு வந்ததே என் திரையை நம்பித்தான். அந்தத் திரையில் நான் ஒரு பொய் எழுதினால், அதற்குப் பிறகு வரும் எதையும் அவர் எப்படி நம்புவார்?

சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். 'செவிடு' உட்பட.

அம்மா நிதானமாகப் படித்தார். பிறகு நிமிர்ந்து பெரியம்மாவைப் பார்த்துப் பேசினார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"சம்பந்தி, எனக்குப் பொறவியில இல்ல. காய்ச்சல்ல போன காது. எனக்கு ரெண்டு பொண்ணு, ரெண்டுக்கும் நல்லாவே கேக்குது. இதுக்கு மேல ஏதாவது தெரியணும்னா என்னையே கேளுங்க. நான் பதில் சொல்றேன்."

பெரியம்மா முதலில் அம்மாவைப் பார்த்தார், பிறகு டிவியை. தான் சொன்னது வெள்ளை எழுத்தில் தன் முன்னாலேயே இருந்தது. சண்டை வரப்போகிறது என்று நான் நினைத்தேன். அவர் பக்கத்து நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். அப்புறம் அம்மாவை நேராகப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு வருஷமா சுத்தமா கேக்கல. அந்தக் கஷ்டத்தப் பாத்துப் பாத்து... அதான் வாயில வந்துடுச்சு."

எழுதினேன். அம்மா படித்தார்.

"அவரு வந்திருக்காரா?"

பெரியம்மா கையை நீட்டினார். கடைசி வரிசையில், காற்றாடிக்குக் கீழே, கோட்டும் டையுமாக ஒரு பெரியவர் தனியாக உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றி இரண்டு நாற்காலி காலியாக இருந்தது.

அம்மா எழுந்தார். எந்த விசேஷத்துக்கும் போகமாட்டேன் என்றிருந்த என் அம்மா, மேடையை விட்டு இறங்கி, அத்தனை பேர் நடுவில் நேராக நடந்து போய், அந்தப் பெரியவரின் முன்னால் நின்று கையால் வாருங்கள் என்று கூப்பிட்டார். அவர் தயங்கினார். அம்மா விடவில்லை. கூட்டி வந்து டிவிக்கு முன்னால், தன் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். பிறகு என் பக்கம் குனிந்து சொன்னார்.

"எழுத்தக் கொஞ்சம் மெதுவா விடு. இவரு புதுசு."